இரண்டாம் நிரல் உணவு

மாடெண்டுதானே எழுதினது. இது மாடில்லை. சரி, மாடில்லாட்டிலும் பரவாயில்லை, இது என்ன தின்னும்?

லொறியின் பின்கதவு திறந்தபோது இரஞ்சிதத்தின் மனதுக்குள் ஓடியது இவ்வளவுதான். வாய் அதே நேரத்தில், "நன்றி ஐயா, பெரிய உதவி ஐயா" என்று சொல்லிக்கொண்டிருந்தது. போர் முடிந்து, முகாமிலிருந்து மீளக்குடியேறி வந்த நாள் தொடங்கி அவளுடைய மனதும் வாயும் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தன. யோசிப்பது மனதின் பொறுப்பு. நன்றி சொல்வது வாயின் பொறுப்பு. கூரைத் தகரம் வந்தபோதும், தையல் மெசின் வந்தபோதும், நாற்பது கோழிக்குஞ்சுகள் வந்து ஒரு கிழமைக்குள் இரண்டாகக் குறைந்தபோதும் இந்த ஏற்பாடு பிசகவில்லை. ஒன்றின் வேலையில் மற்றது தலையிடுவதில்லை.

லொறிக்குள் ஒட்டகம் நின்றது. நாடியை உயர்த்தி, கண்ணை அரைவாசி மூடி, கூடியிருந்த சனத்தின் தலைகளுக்கு மேலால் கண்டாவளை வயல்வெளியை ஒரு தடவை பார்த்தது. மார்கழி மாதம். வயலில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. மூன்று நாட்களாகப் பெய்த மழை, வைபவத்துக்கு இடம் விட்டதுபோல, அன்று காலையில்தான் ஓய்ந்திருந்தது. ஒட்டகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அசைபோடத் தொடங்கியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்துக்குள் வந்துவிட்ட ஆளை உத்தியோகத்தர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

விண்ணப்பப் படிவத்தில் பிழையாக எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. நிரப்பியது மகள் சாரங்கா. உயர்தரப் பரீட்சை எழுதியவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 'கோரும் கால்நடை' என்ற இடத்தில் சிறியது, பெரியது என்று இரண்டு பெட்டிகள்தான் இருந்தன. சிறியது என்றால் ஆடு, கோழி. பெரியது என்றால் மாடு. கண்டாவளையில் இதை யாரிடமும் கேட்டறியத் தேவையில்லை. சாரங்கா பெரியதற்குச் சரி போட்டாள். போதாததற்கு ஓரத்தில் 'பசு' என்றும் எழுதிவிட்டாள். ஓரத்தில் எழுதப்படுபவை கவனத்தில் எடுக்கப்படமாட்டா என்று கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இரஞ்சிதத்துக்குப் பசு உண்மையாகவே தேவைப்பட்டது. போன வருட வெள்ளத்தில் அவளுடைய சினைப்பசு போய்விட்டது. அதன் முன்னைய ஈற்றுகளின் பாலில்தான் சாரங்காவின் ரியூசன் ஓடியது. பிள்ளைக்கு ஏதாவதொரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், அந்த நான்கு வருடமும் ஒரு பசுவின் மடியில்தான் தங்கியிருந்தது. கணவன் இல்லாத வீடு. படிவத்தில் அதற்கும் ஒரு பெட்டி இருந்தது, அதற்கும் சரி போட்டார்கள்.

ஒட்டகத்தை அனுப்பியது உலர்வலய மாற்றுக் கால்நடை வாழ்வாதார அதிகாரசபை. அதன் பணிப்பாளர் ராஜரத்தினம் சேற்றில் படாமல் இருக்கப் போடப்பட்ட பலகையில் நின்று பேசினார். ஒரு நட்பு நாடு இதை அன்பளித்திருக்கிறது என்றார். அந்த நாட்டில் ஒட்டகம் மிஞ்சிப்போய்க் கிடந்ததைச் சொல்லவில்லை. பிறகு திட்டத்தின் தத்துவத்துக்கு வந்தார்.

"இது உலர் வலயம். பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்குது. உலர் வலயத்துக்கு உலர் விலங்கு. இவ்வளவு காலமும் இந்தச் சின்ன விசயம் ஒருத்தருக்கும் விளங்கேல்லை. நாங்கள் மாட்டைக் குடுத்தம், மாடு வெள்ளத்தில போச்சுது. ஒட்டகம் வெள்ளத்தில போனதா உலகத்தில எங்கேயும் பதிவில்லை."

சேற்றுக்குள் நின்ற சனம் கைதட்டியது.

அதன்பின் அவர் உணவு அட்டவணையை இரஞ்சிதத்தின் கையில் தந்தார். மழை பட்டாலும் அழியாதபடி பிளாஸ்ரிக் உறை போட்டது. ஒட்டகத்தின் உணவு என்ற தலைப்பின் கீழ் இரண்டு நிரல்கள் இருந்தன. முதலாவதன் தலையில் 'காட்டில்' என்றிருந்தது. அதன் கீழே முட்பற்றை, உடைமர இலை, இலந்தை, காய்ந்த புல், உவர்ச்செடி. இரண்டாவதன் தலையில் 'பராமரிப்பில்'. காலையில் கோதுமைத் தவிடு மூன்று கிலோ, மதியம் இறக்குமதி செய்த உலர்புல் ஒரு கட்டு, வெள்ளிக்கிழமைகளில் பேரீச்சம்பழம் ஆறு, தினமும் தண்ணீர் நாற்பது லீற்றர். அடியில் தடித்த எழுத்தில், 'உப்பு, எண்ணெய், சீனி என்பவற்றைக் குறைக்கவும். பதற்றப்படுவதைத் தவிர்க்கவும்.' அலுவலகக் கணினியில் உணவு அட்டவணை என்று ஏற்கெனவே இருந்தது பிரஷர்காரருக்காக அடித்த ஒன்றுதான். மேற்பகுதியை மாற்றியவர்கள் அடிப்பகுதிக்கு வருமுன் அலுவலக நேரம் முடிந்திருக்க வேண்டும்.

"காட்டில எண்டதை எல்லாரும் ஒருக்காப் பாருங்கோ" என்றார் பணிப்பாளர். "முள்ளு. உப்பு. பற்றை. இது இந்த விலங்கின்ர இறந்தகாலம். பராமரிப்பில எண்டதைப் பாருங்கோ. தவிடு. பேரீச்சம்பழம். முதலாம் நிரலில நிண்ட உயிரை இரண்டாம் நிரலுக்குக் கொண்டுவாறதுக்குப் பேர்தான் அபிவிருத்தி."

இரஞ்சிதம் அட்டவணையைப் பார்த்தாள். முதலாம் நிரலில் இருந்தவை எல்லாம் அவளுடைய வளவுக்குப் பின்னால் கேட்பாரற்று முளைத்துக் கிடந்தன. இரண்டாம் நிரலில் இருந்த எதுவும் கண்டாவளையில் முளைப்பதில்லை. வாய் இன்னொரு முறை நன்றி சொன்னது.

வீட்டு வாசலைவிட உயரமான விளம்பரப் பலகை ஒன்றை வேலிப் படலையடியில் நட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். அந்தப் பலகையின் கால்தான் திட்டத்தில் ஒட்டகத்துக்கு முதலில் பயன்பட்டது. அது அதில் கழுத்தைச் சொறிந்தது.

திட்டம் தந்த தவிட்டை அது தொடவில்லை. மோந்து பார்த்து, மூக்கால் ஒரு காற்று விட்டது. மூன்று கிலோ தவிடும் இரஞ்சிதத்தின் சேலையில் படிந்தது. உலர்புல் கட்டை மழை நனைத்து, இரண்டாம் நாள் பூஞ்சணம் பிடித்தது. பேரீச்சம்பழத்தில் ஒன்றைத் தின்றது. மற்ற ஐந்தையும் சாரங்கா தின்றாள்.

"அம்மா, உவர் சைவமோ மச்சமோ எண்டு கேட்டு வாங்கினனீங்களோ?"

"சும்மா இரு பிள்ளை. நாலு நாளாப் பட்டினி கிடக்குது."

"உங்களை ஆர் பாக்கிறது, நீங்களும் நாலு நாளா ஒழுங்காச் சாப்பிடேல்லை. வாங்கோ, சோறு போட்டு வச்சிருக்கிறன்."

அது உண்மைதான். பசித்திருக்கும் ஒன்றை வளவில் கட்டிவைத்துவிட்டு அவளால் சோற்றில் கை வைக்க முடிவதில்லை. இது எப்போது தொடங்கியது என்று அவள் யோசித்துப் பார்த்ததில்லை. யோசித்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியும் என்பதால் யோசிக்காமல் விட்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை பக்கத்து வளவுக் குகதாசன் படலையில் வந்து நின்றான்.

"ரஞ்சிதமக்கா, உங்கட ஒட்டகம் என்ர வேலியைத் திண்டுபோட்டுது."

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். கயிற்றின் நீளத்துக்கு எட்டிய மட்டும், இரண்டு வளவுக்கும் நடுவில் நின்ற கிளுவை வேலி மேற்பக்கத்தில் மொட்டையாகியிருந்தது. முள்ளும் இலையும் பட்டையுமாக ஒட்டகம் மென்றுகொண்டிருந்தது. கீழ்த்தாடை இடமும் வலமும் போய்வந்தது. அந்த முகத்தில் முதன்முதலாக ஒரு சமாதானம் தெரிந்தது. ஆட்டுக்கு இலைகுழை வெட்டுகிறவர்கள் கொக்கத்தடி வைத்து இழுக்க வேண்டிய உயரத்தை அது கழுத்தாலேயே எட்டிவிடுகிறது.

இரஞ்சிதம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். குகதாசன் அதைக் கவனிக்காமல் வேலியை இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை பார்த்தான்.

"மேலாலதான் திண்டிருக்கு. நட்ட கதியால் தடி ஒண்டும் முறியேல்லை. தை பிறக்க நான் வெட்ட இருந்ததுதான்." மொட்டையாகாத பக்கத்தைக் கைகாட்டினான். "நாளைக்கு அங்கால் பக்கத்தில கட்டினால் நல்லம் அக்கா."

மறுநாள் அந்தப் பக்கத்தில் கட்டினாள். அதற்கடுத்த நாள் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அது எங்கே போகிறதோ அங்கே போய்ப் பார்ப்போம் என்று விட்டாள். அது வயல் வரம்புகளில் வழுக்கி வழுக்கி, ஒரு இடத்தில் முன்னங்கால் இரண்டும் சறுக்கி உட்கார்ந்து எழும்பி, உடைமரத்தில் ஒரு வாய், இலந்தையில் ஒரு வாய், சூரைப்பற்றையில் ஒரு வாய் என்று தின்றபடி, நீரேரிப் பக்கத்து உவர்த்தரவை வெளிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனது. அங்கே தண்ணீர் ஏறாத திட்டில் சிவப்பும் பச்சையுமாக உமிரிச் செடி மண்டிக் கிடந்தது. மாடு தின்னாது, ஆடும் ஓரத்தில் கடித்துவிட்டு விலகும். ஒட்டகம் தலையைத் தாழ்த்தியது, பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு உயர்த்தவில்லை.

இரஞ்சிதம் ஒரு தண்டைக் கிள்ளி வாயில் போட்டாள். உப்புக் கரித்தது. சரிதான், இதற்கு உப்பு வேண்டியிருக்கிறது. அதைத்தான் அட்டவணை குறைக்கச் சொல்லியிருந்தது.

திட்டில் குந்தியிருந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்த ஒரு உயிரோடு அவள் கனகாலம் பழகியிருக்கவில்லை. அது நன்றி சொல்லவில்லை. தந்ததைத் தின்னவில்லை. ஆனாலும் அதன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

திங்கட்கிழமைகளில் கள உத்தியோகத்தர் தயாபரன் மோட்டார் சைக்கிளில் வருவான். நல்ல பிள்ளை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் விறாந்தையில் ஏறுவான். முதல் முறை வந்தபோது அவன் படிவத்தை விரித்து, உணவு உட்கொள்ளல் எப்படி என்று கேட்டான். முழுமையாக, பெரும்பாலும், திருப்திகரமாக என்று மூன்று பெட்டிகள்.

"தவிட்டைத் தின்னேல்லைத் தம்பி. குழைதான் தின்னுது."

"தின்னேல்லை எண்டு ஒரு பெட்டி இல்லையே அக்கா."

இருவரும் மூன்று பெட்டிகளையும் திரும்ப ஒருமுறை வாசித்தார்கள். கடைசியில் அவன் திருப்திகரமாக என்பதற்குச் சரி போட்டான். யாருக்குத் திருப்தி என்று படிவம் கேட்கவில்லை. அடுத்த பக்கத்தில் நாளாந்தப் பால் என்றிருந்தது. இது கடுவன் என்று அவள் சொன்னாள். அவன் எட்டிப் பார்த்துவிட்டு ஓம் என்றான். ஆணா பெண்ணா என்று பதிய இடம் இல்லாததால் பூச்சியம் என்று எழுதினான். அந்தப் பூச்சியம் மேலே போய், 'ஆரம்ப நிலை' என்ற பெயரில் ஒரு வரைபடத்தின் முதல் புள்ளியாகியது. இரண்டாம் மாதமும் பூச்சியம் வந்தபோது, வீழ்ச்சி எதுவும் ஏற்படவில்லை என்று அதிகாரசபை திருப்தி தெரிவித்துக் கடிதம் அனுப்பியது.

இப்படியே போயிருக்கும். கெடுத்தது குகதாசனின் நல்ல மனம். வேலி வெட்டும் வேலை மிச்சமான சந்தோசத்தில் அவன் அதிகாரசபைக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதிவிட்டான். ஒட்டகம் கிளுவையையும் இலந்தையையும் எவ்வளவு துப்புரவாகத் தின்னுகிறது என்று விபரமாக எழுதியிருந்தான்.

கடிதம் போய்ப் பத்தாம் நாள் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் 'விலங்கு உணவு மனப்பாங்கு மாற்றப் பயிலரங்கு' நடந்தது. பங்குபற்றியவர்கள் இருபத்தேழு உத்தியோகத்தர்கள், ஒரு பயனாளி. விலங்கையும் கொண்டுவரும்படி எழுதியிருந்தபடியால் ஒட்டகம் லொறியில் வந்து வாகனத் தரிப்பிடத்தில் நின்றது. அதற்கும் ஒரு கோப்பும் பேனையும் வைத்திருந்தார்கள். முதலாம் நிரலை நாடும் விலங்குகளின் உளப்பாங்கு பற்றி ஒருவர் திரையில் படம் போட்டு விளக்கினார். அவர் ஒட்டகத்தை அன்று காலையில்தான் முதல் தடவையாகப் பார்த்திருந்தார். திரையை விட்டுக் கீழே வந்து அதைக் கிட்ட நின்று பார்க்கும் எண்ணம் அவருக்கு வரவில்லை. வெளியில் அது வாசலில் கட்டியிருந்த குருத்தோலைத் தோரணத்தையும் வரவேற்பு வாழைகள் இரண்டையும் தின்று முடித்துவிட்டு நிழலில் படுத்திருந்தது.

கேள்வி நேரத்தில் யாரும் எதுவும் கேட்காததால் இரஞ்சிதத்தைக் கேட்கச் சொன்னார்கள். அவள் எழும்பி, அது தனக்குத் தேவையானதைத் தானே தேடித் தின்னுகிறது, அப்படியே விட்டால் என்ன என்று மெல்லக் கேட்டாள்.

பணிப்பாளர் சிரித்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற மனிதரல்ல.

"நல்ல கேள்வி அம்மா. ஆனால் விலங்குக்கு என்ன வேணும் எண்டதை விலங்கே தீர்மானிக்குமெண்டால் பிறகு திட்டம் எதுக்கு? நாங்கள் எதுக்கு? இருபது வருசமா இந்த மாவட்டத்தில வேலை செய்யிறன். சனத்திட்டையே நாங்கள் அப்பிடிக் கேட்டதில்லை. ஒரு மிருகத்திட்டக் கேக்கிறதெண்டால் சனத்துக்குத்தான் மரியாதைக் குறைவு."

மண்டபம் தலையாட்டியது. பயிலரங்கின் முடிவாக, விலங்கு முதலாம் நிரலில் உண்பதைத் தடுக்க வாய்க்கூடு பொருத்துவது, அட்டவணை நேரங்களில் மட்டும் கழற்றுவது என்று தீர்மானிக்கப்பட்டது. பின்னர் மதியச் சாப்பாடு. உத்தியோகத்தர்கள் எதை விரும்புகிறார்களோ அதைத் தாங்களே தெரிந்து போட்டுச் சாப்பிடும்படி மேசையில் பன்னிரண்டு கறிகள் வைக்கப்பட்டிருந்தன.

வாய்க்கூடு நீலப் பிளாஸ்ரிக் வயரால் பின்னியது. தயாபரன்தான் கொண்டுவந்தான். அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. இரஞ்சிதம் ஓம் என்று வாங்கி, சொன்னபடியே மாட்டினாள். மூன்று நாள் மாட்டினாள்.

அந்த மூன்று நாளும் மழைதான். ஒட்டகம் தவிட்டு வாளியின் முன்னால் நின்றது. அட்டவணை நேரத்தில் கூட்டைக் கழற்றினால் வாளியைப் பார்க்கும், அவளைப் பார்க்கும், பிறகு வேலிக்கு மேலால் உடைமரத்தைப் பார்க்கும். அரை மணித்தியாலம் முடிந்ததும் அவள் மறுபடி மாட்டுவாள். அது எதிர்க்கவில்லை. தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. அப்படித் தாழ்த்திக் கொடுத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் குசினியில் பருப்பு அவித்துக்கொண்டிருந்தாள். சாரங்கா வழக்கம்போல வெளியே எழும்பிப் போனாள். பருப்பு மணம் அந்தப் பிள்ளைக்கு ஒத்துவராது. ஏன் என்று தாய் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை.

முகாமில் எல்லா நாளும் பருப்பு. கம்பி வேலிக்குப் பின்னால், நீண்ட வரிசையின் முடிவில், தண்ணீராக ஒரு அகப்பைப் பருப்பு. சாரங்காவுக்கு நாலு வயது. வாயை இறுக்க மூடிக்கொண்டு, முருங்கையிலை வறை வேணும் என்று பல்லுக்குள்ளால் அழும். முருங்கை ஒன்று கம்பிக்கு வெளியில் நின்றது. அங்கிருந்து பார்த்தால் இலை எண்ணலாம். ஒருநாள் அட்டையும் பேனையுமாக ஒருவர் வந்தார். உணவு போதுமா என்று கேட்டார். அவரிடமும் பெட்டிகள் இருந்தன. போதும், மிகவும் போதும். இடுப்பில் பிள்ளை இருந்தது. அவள் ஓம், போதும் என்றாள். கையெழுத்தும் வைத்தாள். அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கொட்டிலுக்குப் போனார். பிழை அவருடையதல்ல என்று அவள் பல வருடங்களாகத் தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் கேட்டார். சொன்னது அவள்.

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். நேரம் ஒன்றே கால். அட்டவணைப்படி கூடு மாட்டியிருக்க வேண்டிய நேரம். அதைக் கழற்றி வேலித் தூணில் கொழுவினாள். ஒட்டகத்தை அவிழ்த்துக்கொண்டு மழைக்குள் தரவைக்கு நடந்தாள்.

வாய்க்கூடு தூணிலேயே தொங்கியது. திங்கட்கிழமைகளில் தயாபரன் வரும்போது அதைப் பார்ப்பான், பிறகு வேறு பக்கம் பார்ப்பான். கோழிக்குஞ்சுத் திட்டத்தில் மிஞ்சிய இரண்டில் ஒன்று வளர்ந்து அதற்குள் முட்டையிடத் தொடங்கியது. இரண்டு திட்டங்கள் ஒன்றுக்கொன்று உதவியதை இரஞ்சிதம் கண்டது அந்த ஒரு தடவைதான். தவிட்டையும் கோழிகளே தின்றன.

மாசி போய், பங்குனி போய், ஆவணி வந்தது. நீரேரி வற்றி, கரையில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. ஊர் ஆடுகள் எலும்பாகத் திரிந்தன. ஒட்டகம் மட்டும் மினுமினுத்தது. திமில் நிமிர்ந்து, மயிர் பொன்னிறமாகி, ரோட்டால் போகிற வான்காரர்கள் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். சாரங்காவுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அவள் தன் உடுப்புகளை மடித்து, பையைத் திறந்து பார்த்து, திரும்ப அலுமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். போவதா இல்லையா என்று தாயிடம் அவள் கேட்கவில்லை. தாயும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை பணிப்பாளர் ராஜரத்தினமே வந்தார். பின்னால் தயாபரன் ஒரு கோப்போடு வந்தான். கமராக்காரர் ஒருவரும் இருந்தார். இரஞ்சிதம் கதிரைகளைத் துடைத்துப் போட்டாள். பணிப்பாளர் உட்காரவில்லை. ஒட்டகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்பதை இரஞ்சிதம் கவனித்தாள்.

"பாருங்கோ தயாபரன். இதுதான் இரண்டாம் நிரல்."

தயாபரன் நிலத்தைப் பார்த்தான்.

நட்பு நாட்டின் பிரதிநிதிகள் அடுத்த கிழமை வருகிறார்கள் என்று பணிப்பாளர் விளக்கினார். ஒரு ஒட்டகத்தின் வெற்றியைப் பார்த்துவிட்டு அவர்கள் இன்னும் நாற்பது தர இருக்கிறார்கள். அதற்குப் பயனாளியின் கூற்று ஒன்று வேண்டும். தயாரித்தே கொண்டுவந்திருந்தார்கள். தயாபரன் அதை வாசித்தான். இவ்விலங்கு பராமரிப்பு நிரலில் குறிப்பிட்ட உணவை மாத்திரம் உண்டு வளர்ந்தது, வாய்க்கூடு ஒழுங்காகப் பயன்படுத்தப்பட்டது, விலங்கும் பயனாளியும் திருப்தியுடன் உள்ளனர். கடைசி வசனத்தை அவன் வேகமாக வாசித்து முடித்தான்.

"அதோட அம்மா," என்றார் பணிப்பாளர், "உங்கட பழைய படிவத்தைத் தேடி எடுப்பிச்சனான். ஓரத்தில பசு எண்டு எழுதியிருக்கிறியள். கவனத்தில எடுத்திருக்கிறம். நல்ல கறவைப் பசு, கண்டுக்குட்டியோட. உங்கட பேரில ஒதுக்கிக் கிடக்கு. இதில ஒரு கையெழுத்து வைச்சால் நாளைக்கே வரும்."

சாரங்கா குசினி வாசலுக்கு வந்து நின்றாள்.

இரஞ்சிதம் தாளை வாங்கினாள். எழுத்துகள் தெளிவாக இருந்தன. கையெழுத்துக்கான கோடும் நீளமாக, போதுமான இடம் விட்டுப் போடப்பட்டிருந்தது.

"அந்த நாப்பதையும் ஆருக்குக் குடுக்கப்போறியள் ஐயா?"

"உங்களை மாதிரி ஆம்பிளைத் துணை இல்லாத குடும்பங்களுக்குத்தான். கண்டாவளை, விசுவமடு, உருத்திரபுரம், எல்லா இடத்துக்கும்."

"வாய்க்கூட்டோடையோ?"

"ஓம் ஓம். அது இலவசம். நாப்பதும் பின்னி வந்திட்டுது."

"தவிட்டை இது தின்னேல்லை ஐயா. ஒருநாளும் தின்னேல்லை. குழையும் உமிரியும்தான் திண்டது. கூட்டை நான்தான் கழட்டினனான். இதில எழுதிக்கிடக்கிறது உண்மையில்லை."

தயாபரன் தலையை நிமிர்த்தினான். பணிப்பாளர் கலங்கவில்லை. ஒரு கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, வீட்டு ஆளிடம் கதைப்பதுபோலச் சொன்னார்.

"உண்மையோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை அம்மா. கையெழுத்துத்தான் கேக்கிறம்."

கமராக்காரர் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நின்று, தாள் கையில் இருக்கும்படி ஒரு படம் எடுப்போம் என்றார். ஒட்டகம் கழுத்தை நீட்டித் தாளை மோந்து பார்த்தது. உதட்டால் ஓரத்தைத் தொட்டது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தயாபரன் பேனையின் மூடியைக் கழற்றி நீட்டினான். அவள் வாங்கினாள். வாய் தன் பழக்கப்படி திறந்தது. ஓம் என்ற சொல் அதற்குள் தயாராக இருந்தது. பதினைந்து வருடமாக அது அங்கேதான் இருந்தது. பாரமில்லாத, வழுவழுப்பான ஒரு சொல். அவள் சாரங்காவைப் பார்த்தாள். பிள்ளையின் உதடுகள் இறுக மூடியிருந்தன. நாலு வயதில் எப்படி மூடிக்கொண்டாளோ, அப்படியே. பேனையைப் பார்க்கிறாளா பசுவை நினைக்கிறாளா என்று தாய்க்குத் தெரியவில்லை. அந்த வாய் திறந்து இனி எதைக் கேட்டாலும் தன்னால் கொடுக்க முடியுமோ என்றும் தெரியவில்லை.

ஒட்டகம் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

சாரங்கா வாசலிலிருந்து இறங்கிவந்தாள். யாரையும் பார்க்காமல் தூணடிக்குப் போய், ஒட்டகத்தின் கயிற்றை அவிழ்த்தாள்.

இரஞ்சிதம் பேனையின் மூடியைப் போட்டாள். தாளை இரண்டாக மடிக்காமல், கசங்காமல், வாங்கியபடியே, இரண்டு கையாலும் பணிப்பாளரிடம் நீட்டினாள்.

"இல்லை ஐயா" என்றாள். "வெய்யில் ஏறமுன்னம் இதைத் தரவைக்குக் கொண்டுபோகோணும். நீங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டு, போகேக்கை படலையைச் சாத்திப்போட்டுப் போங்கோ."